குடியாத்தத்துத் தெருவும் டிஆர்பியும்

அன்புள்ள ஐயா,

நானும் என் மாமியாரும் இரவு ஒன்பது மணிக்குப் பார்த்துவந்த தொடரை முதலில் மதியத்துக்கு மாற்றினார்கள். பிறகு ஒரே வாரத்தில் அவசரமாகக் கதையை முடித்துவிட்டார்கள். டிஆர்பி இல்லையாம். எங்கள் தெருவில் லுங்கி நெய்கிற வீடுகளில் அந்த நேரத்தில் வேறெதுவும் ஓடியதில்லை. யூடியூபிலும் லட்சக்கணக்கானோர் பார்த்திருக்கிறார்கள். எங்களை யாரும் கேட்கவே இல்லையே, எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? மீட்டரை எங்கள் வீட்டில் வைக்கச் சொல்லி எழுதினால் வைப்பார்களா?

ஒரு வாசகி, குடியாத்தம்

அன்புள்ள சகோதரி,

எந்த நிகழ்ச்சியை எத்தனை பேர், எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்ற கணக்கைத்தான் டிஆர்பி என்கிறார்கள். இந்தியாவில் 2015 முதல் அதை வெளியிடுவது பார்க் (BARC) என்ற அமைப்பு. சேனல்கள், விளம்பரம் கொடுக்கும் நிறுவனங்கள், விளம்பர ஏஜென்சிகள் ஆகிய மூன்று தரப்பும் சேர்ந்து நடத்துவது. பார்க்கிறவர்கள் தரப்பு அதில் இல்லை. நாட்டில் தொலைக்காட்சி உள்ள வீடுகள் ஏறக்குறைய 23 கோடி; அதை அளக்கும் மீட்டர் உள்ளவை சுமார் 58,000. நாலாயிரம் வீட்டுக்கு ஒன்று. இந்த விகிதப்படி பார்த்தால் குடியாத்தம் நகராட்சி முழுவதற்கும் ஒரு கை விரல்களே போதும்.

சேனல் தன் ஒலியோடு காதுக்குக் கேட்காத ஒரு குறியீட்டைக் கலந்து அனுப்பும். மீட்டர் அதைப் பிடித்து எந்தச் சேனல் ஓடுகிறது என்று அறிந்துகொள்ளும். யார் பார்க்கிறார்கள் என்பது அதற்குத் தெரியாது. அதற்காக அந்த வீட்டில் ஒவ்வொருவருக்கும் ரிமோட்டில் ஒரு பொத்தான் உண்டு. உட்காரும்போது அழுத்த வேண்டும், எழுந்துபோகும்போதும் அழுத்த வேண்டும். உங்கள் மாமியாரைப் போன்ற ஒருவர் மூக்குக் கண்ணாடியைத் தேடும் மும்முரத்தில் அழுத்த மறந்தால், அவர் கண்கலங்கப் பார்த்த காட்சியை அவர் பார்க்கவே இல்லை என்றுதான் பதிவாகும்.

அடுத்தது நிமிடக் கணக்கு. நூறு பேரில் பத்துப் பேர் அரை மணி நேரத் தொடரை முழுவதும் பார்த்தால் கிடைப்பது 10 புள்ளி. இருபது பேர் பாதி நேரம் மட்டும் பார்த்தாலும் அதே 10 தான். ஒன்றிப் பார்த்தவரும் பாதியில் ஓடிப்போனவரும் கடைசியில் நிமிடங்களாகக் கரைந்துவிடுகிறார்கள். விளம்பர இடைவேளைக்கு முந்தைய நொடியில் கதவு தட்டப்படுவதும், கன்னத்தில் ஒரே அறை மூன்று கோணங்களில் விழுவதும் எதற்கு என்று இப்போது புரிந்திருக்கும். அந்தக் கதவு எனக்கு எப்போதுமே எரிச்சல்தான்.

உங்கள் தொடரை உண்மையில் முடித்துவைத்தது நேரம் என்றுதான் நினைக்கிறேன். இங்கே விளம்பரம் பத்து விநாடிக்கு இவ்வளவு என்று விலைபோகிறது. இரவு ஒன்பது மணியின் பத்து விநாடி, மதியம் இரண்டு மணியின் பத்து விநாடியைவிடப் பல மடங்கு விலை. ஆகவே மதியத்தில் இனிப்பு வழங்கிக் கொண்டாடத் தகுந்த எண், ஒன்பது மணிக்குத் தோல்வி. எட்டரை மணித் தொடர் கொண்டுவந்து விட்ட கூட்டத்தில் எத்தனை பேரை ஒன்பது மணித் தொடர் தக்கவைத்தது, போட்டிச் சேனல் அதே நேரத்தில் எத்தனை புள்ளி எடுத்தது, ஒரு எபிசோடுக்கு என்ன செலவு என்பதையெல்லாம் சேர்த்துப் பார்ப்பார்கள். டிஆர்பி கணக்கின் வாரம் சனியில் தொடங்கி வெள்ளியில் முடியும். எண்கள் அடுத்த வியாழக்கிழமை வரும். மதியத்துக்குத் தள்ளப்படும் தொடர் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை.

நூறு பேரில் தொடரைப் பார்த்த அந்தப் பத்துப் பேர் யார் என்பதும் விளம்பர விலையை மாற்றும். வீட்டில் அதிகம் சம்பாதிப்பவரின் படிப்பு, பதினொரு உடைமைகளில் எத்தனை இருக்கின்றன என்ற இரண்டையும் வைத்து வீடுகளைத் தரம் பிரிக்கிறார்கள். மின்விசிறி, கேஸ் அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, கார், விவசாய நிலம் என்று போகிறது அந்தப் பட்டியல். தறி அதில் இல்லை. கார் விற்கிறவருக்கு உங்கள் தெருவின் நிமிடங்கள் மலிவு. துணி சோப்பு விற்கிறவருக்கு அவை தங்கம். நீங்கள் கட்டும் மாதக் கட்டணத்திலும் சேனலுக்கு ஒரு பங்கு போகிறது, ஆனால் அது எந்தத் தொடருக்காகக் கட்டினீர்கள் என்று கேட்பதில்லை. யூடியூப் பார்வைகளுக்குத் தனி வருமானம் உண்டு. வியாழக்கிழமை எண்ணில் அவை சேராது.

கணக்கே மோசடியா? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது வெறும் சோற்றுக்குச் சரி. ஆம்பூர் பிரியாணி தேக்சாவில் மேலாக ஒரு பருக்கையை எடுத்து, அடியில் கறி வெந்ததா என்று சொல்ல முடியாது. பெரிய சேனலின் பெரிய தொடருக்கு இந்தக் கணக்கு ஓரளவு நியாயமாகவே இருக்கும். குறைவானவர்கள் பார்க்கும் நிகழ்ச்சிகளில்தான் எண் தாறுமாறாக ஆடும். தில்லுமுல்லுப் புகாரும் எழுந்ததுண்டு. மீட்டர் உள்ள வீடுகளுக்குப் பணம் கொடுத்துச் சில சேனல்களை ஓடவிட்டதாக 2020 அக்டோபரில் மும்பை காவல்துறை குற்றம்சாட்டியது. அதையடுத்துச் செய்திச் சேனல்களின் மதிப்பீடு 2022 மார்ச் வரை வெளிவரவில்லை.

மீட்டரைக் கேட்டு வாங்க முடியாது. வீடுகளை அவர்களே தேர்ந்தெடுப்பார்கள். எந்த வீடு என்பது ரகசியம். அதில் ஒரு பகுதியை அவ்வப்போது மாற்றவும் செய்வார்கள். கடிதம் எழுதுவதென்று முடிவு செய்துவிட்டீர்களானால் சேனலோடு நிறுத்தாதீர்கள். அந்தத் தொடரின் இடையே யாருடைய சோப்பு விளம்பரம் வந்தது என்று உங்கள் மாமியாருக்கு நிச்சயம் நினைவிருக்கும். அவர்களுக்கும் ஒன்று எழுதிப் போடுங்கள். உங்கள் தெருவில் மாதம் எத்தனை கட்டி விற்கிறது என்பதையும் சேர்த்து.