கடிக்கிற கிளிக்குக் கையைக் காட்டலாமா?

கேள்வி: போன தீபாவளி சமயத்தில் க்ராஃபோர்ட் மார்க்கெட்டில் ஒரு ஆப்பிரிக்கன் லவ் பேர்ட் குஞ்சு வாங்கினோம். பச்சை உடம்பு, பீச் நிற முகம். ஒற்றையாகத்தான் வளர்க்கிறோம். அவ்வளவு சாது, என் மகள் தோளில் உட்கார்ந்துகொண்டு அவள் தட்டில் இருக்கும் தோசையை எட்டிப் பார்க்கும். இப்போது கொஞ்ச நாளாகக் கூண்டுக்குள் கையை விட்டாலே பாய்ந்து வந்து ரத்தம் வருகிற மாதிரி கடிக்கிறது. மகள் கிட்டேயே போவதில்லை. மாமியார், “கொண்டுபோய்க் கடையிலேயே விட்டுட்டு வா” என்கிறார். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, செம்பூர்

பதில்: முதலில் மாமியாரிடம் ஒரு இரண்டு மாதம் தவணை வாங்குங்கள். உங்கள் கிளிக்குக் கெட்ட புத்தி எதுவும் வந்துவிடவில்லை, வயசு வந்திருக்கிறது, அவ்வளவுதான். இந்த வகை பத்து மாதம், ஒரு வருஷம் வாக்கில் பருவத்துக்கு வந்துவிடும். அதிலும் பெட்டையாக இருந்தால் கூண்டு முழுக்கத் தன்னுடையது என்று காவல் காக்க ஆரம்பிக்கும்.

ஒரு விஷயம் கவனியுங்கள். கூண்டின் அடியில் போட்ட பேப்பரை அது என்ன செய்கிறது? பீச் முகப் பெட்டை பேப்பரின் ஓரத்தில் அலகை வைத்து வரிசையாகக் கடித்துக்கொண்டே போய், தபால் தலையைக் கிழிக்கிற மாதிரி நீளமாக ஒரு துண்டு எடுக்கும். பிறகு தலையை முழுக்கப் பின்னால் திருப்பி, அந்தத் துண்டை வாலுக்கு மேலே இருக்கும் இறகுக்குள் செருகிக்கொள்ளும். நாலு அடி நடப்பதற்குள் பாதி கீழே விழும், திரும்ப வந்து கிழிக்கும். ஃபிஷர் என்கிற இன்னொரு லவ் பேர்ட் வகை இப்படிச் செய்யாது, அலகிலேயே கவ்விக்கொண்டு போகும். உங்கள் கிளி பேப்பரைச் செருகிக்கொண்டு திரிகிறது என்றால் அது கூடு கட்டுகிறது. அந்த நேரத்தில் உள்ளே வரும் கை அதற்கு மகளின் கை இல்லை, திருட வந்த கை.

அதனால் கூண்டுக்குள் பானையோ மரப்பெட்டியோ இருந்தால் எடுத்துவிடுங்கள், கண்ணாடியையும்தான். கிழிக்கிற மாதிரி பேப்பர் எட்டாமல் தட்டைக் கம்பிக்குக் கீழே தள்ளி வையுங்கள். அப்புறம், வெளிச்சம். மும்பை வீட்டில் ஹாலைத் தவிர கூண்டு வைக்க வேறு இடம் ஏது, ஹாலில் ராத்திரி பதினொன்றரை வரை டிவியும் டியூப்லைட்டும் ஓடும், காலையில் ஐந்தரைக்குத் தண்ணீர் வரும்போது மறுபடி விளக்கு. நீண்ட பகல் என்றால் முட்டையிடும் காலம் என்று அதன் உடம்பு எடுத்துக்கொள்ளும், தூக்கமும் கெட்டு எரிச்சலும் சேரும். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் இருட்டும் அமைதியும் வேண்டும். ஏழரை, எட்டு மணிக்கெல்லாம் சத்தமில்லாத மூலைக்குக் கூண்டை நகர்த்தி, காற்றுப் போகிற பருத்தித் துணியால் மூடிவிடுங்கள். அந்த மூலை சமையலறையாக மட்டும் இருக்க வேண்டாம், காலி நான்ஸ்டிக் தவா காய்ந்து கிளம்புகிற புகை பறவையைக் கொன்றுவிடும். கொஞ்சும்போது தலை, கழுத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள் மகளிடம். முதுகைத் தடவினால் அதற்கு வேறு அர்த்தம்.

இதெல்லாம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், கடிப்பதை நாமே சொல்லிக்கொடுக்கிறோம் என்பது. எந்தக் கிளியும் முதல் நாளே ரத்தம் பார்க்காது. இறகை உடம்போடு ஒட்டிக்கொண்டு, கழுத்தை முன்னால் நீட்டி, வாயைத் திறந்து ‘வேண்டாம்’ என்று காட்டியிருக்கும். தண்ணீர்க் கிண்ணம் மாற்றுகிற அவசரத்தில் நாம் அதைப் பார்க்கவில்லை, கை உள்ளே போயிற்று, கடித்தது, கை ஓடிவிட்டது. அட, இது வேலை செய்கிறதே என்று அது தெரிந்துகொண்டது. பத்து தடவை இப்படி ஆனால் அப்புறம் எச்சரிக்கையெல்லாம் கிடையாது, நேரே கடிதான். ஆகவே முழு முயற்சியும் கடி வாங்காமல் இருப்பதில்தான் இருக்க வேண்டும். கழுத்து நீண்டதா, கையை அங்கேயே நிறுத்துங்கள். அது தணிந்த பிறகு மெதுவாக எடுங்கள்.

கிண்ணம் மாற்றுவதும் கூண்டு துடைப்பதும் கிளி வெளியே இருக்கும்போது மட்டும். வெளியே விடும்போது ஃபேனை அணைத்து ஜன்னலைச் சாத்திவிடுங்கள், கதவைத் திறந்து வையுங்கள், அதுவாக வரட்டும். ஏற்றிக்கொள்ள விரல் வேண்டாம், ஒரு சாண் நீளக் குச்சி போதும். குச்சியை அதன் வயிற்றுக்குக் கொஞ்சம் கீழே காட்டினால் ஏறும், ஏறினால் ஒரு சூரியகாந்தி விதை. அந்த விதையைத் தினசரித் தீனியில் கலக்காதீர்கள், எப்போதும் கிடைக்கிற பொருளுக்காக எந்தக் கிளியும் உழைக்காது. பயமாக இருந்தால் விதையை முதலில் நீளக் காம்புள்ள ஸ்பூனில் நீட்டுங்கள். அது அமைதியாக எடுக்க எடுக்க வாரக்கணக்கில் ஸ்பூனைக் குட்டையாகப் பிடித்துக்கொண்டே வந்து, கடைசியில் விரலுக்கு வரலாம். மேலேயிருந்து கையை இறக்காதீர்கள், பால்கனியில் பருந்தையும் காக்கையையும் பார்க்கிற பறவை அது. கையுறை போடச் சொல்வார்கள், வேண்டாம், பழக்கமில்லாத பெரிய கையைப் பார்த்து இன்னும் மிரளும்.

மீறிக் கடித்துவிட்டால் கத்தாதீர்கள், உதறாதீர்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கும் மெல்லிய சதையை அது பிடித்துத் திருகும்போது கத்தாமல் இரு என்று எழுதுவது சுலபம், தெரியும். ஆனாலும் நம் கூச்சல் அதற்கு வேடிக்கை. கையை மெதுவாக மேஜையில் இறக்கி, கிளியை அங்கே விட்டுவிட்டு முகம் கொடுக்காமல் அரை நிமிஷம் நகர்ந்து நில்லுங்கள். அலகில் சுண்டுவது, முகத்தில் ஊதுவது, உடனே கூண்டில் அடைப்பது எதுவும் வேண்டாம். கூண்டுக்குப் போக வேண்டுமென்றால் கடித்தால் போதும் என்று கற்றுக்கொள்ளும்.

ஆண் இல்லாமலே முட்டை வைத்தால் பயப்பட வேண்டாம், அது பொரியாது. உடனே எடுத்தால் ஈடுகட்ட இன்னும் வைக்கும், அதுவாக விட்டு விலகுகிறவரை இருக்கட்டும். கூண்டில் ஒரு கடல் நுரை ஓடு, அதாவது கணவாய் மீனின் ஓடு, மாட்டி வையுங்கள், சுண்ணாம்புச் சத்துக்கு. ஆனால் உடம்பை உப்பிக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்து முக்குகிறது என்றால் முட்டை சிக்கியிருக்கலாம். அன்றைக்கே பறவை பார்க்கிற டாக்டரிடம் ஓட வேண்டும். பரேல் மிருக ஆஸ்பத்திரியில் பறவைகளையும் பார்க்கிறார்கள்.

கேள்வி: எங்கள் லவ் பேர்ட் தம்பியின் விரலைக் கடித்து ரத்தம் வந்துவிட்டது. நாய்க்கடிக்குப் போடுவது போல ரேபிஸ் ஊசி போட வேண்டுமா? அப்பா ரொம்பப் பயப்படுகிறார்.
– கல்லூரி மாணவர், தாராவி

பதில்: வேண்டாம். ரேபிஸ் நாய், பூனை, குரங்கு, வௌவால் போன்ற பாலூட்டிகள் கடித்து வருவது, கிளி கடித்து வராது. குழாயைத் திறந்து விட்டு சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, கிருமிநாசினி மருந்து தடவினால் பெரும்பாலும் போதும். காயம் ஆழமாக இருந்து, டெட்டனஸ் ஊசி போட்டு வருஷக்கணக்கில் ஆகியிருந்தால் டாக்டரிடம் அதைக் கேளுங்கள். வீங்கினாலோ, சிவந்து சூடாக இருந்தாலோ தள்ளிப் போடாதீர்கள்.

கேள்வி: இரண்டு மாதக் குஞ்சு. சட்டைப் பட்டன், காது மடல், செல்போன் கவர், எதையும் விடாமல் கடிக்கிறது. வலிக்கவில்லை. இப்போதே அடக்க வேண்டுமா?
– ஒரு வாசகர், முலுண்ட்

பதில்: அலகின் அடியில் இன்னும் கறுப்புக் கறை இருக்கிறதா? அப்படியானால் பால்குடி மாறாத பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். கை இல்லாத ஜீவன், உலகத்தை அலகால்தான் தொட்டுப் பார்க்கும். தடுக்க வேண்டாம், திருப்பிவிடுங்கள். முருங்கைக் குச்சி, தென்னை ஓலைத் துண்டு, சாயம் அடிக்காத அட்டை, எது கையருகில் இருக்கிறதோ அது. அழுத்தம் கூடுகிற நொடியில் விரலை விலக்கிக் குச்சியை வையுங்கள். வீட்டில் பிள்ளைகள் “ஐயோ கடிக்குது” என்று சிரித்துக் கும்மாளம் போடுவதைத்தான் நிறுத்த வேண்டும், பாராட்டு என்று நினைத்துக்கொள்ளும். கம்மலைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

கேள்வி: லவ் பேர்ட்ஸ் ஜோடி ஒன்று இருந்தது. புதிதாக ஒரு ஆப்பிரிக்கன் வாங்கி அதே கூண்டில் விட்டோம். பழைய ஜோடியில் ஒன்றுக்குக் கால் விரல் போய்விட்டது. பழகிவிடுமா?
– ஒரு வாசகி, சயான் கோலிவாடா

பதில்: பழகாது, இன்றைக்கே பிரியுங்கள். உங்கள் பழைய ஜோடி பட்ஜி, ஆஸ்திரேலியப் பறவை. கடைக்காரர்கள் இரண்டையும் லவ் பேர்ட்ஸ் என்றுதான் விற்கிறார்கள். ஆப்பிரிக்கன் உருவத்தில் ரொம்பப் பெரிசு இல்லை, ஆனால் அலகு பலமானது, சண்டையில் நேராகக் காலைத்தான் பிடிக்கும். காயம்பட்டதை டாக்டரிடம் காட்டுங்கள். கூண்டுகளை ஒட்டி ஒட்டி வைக்காதீர்கள், கம்பி இடுக்கு வழியாகவும் விரலைப் பிடித்துவிடும்.