மாமாவின் பட்டறையா, ஈப்போவா?

கேள்வி: புதிய பெரோடுவா கார் வாங்கி 7 மாதம் ஆகிறது. வீட்டுக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் மட்டும் ஓட்டுவதால் 4,800 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. முதல் சர்வீஸ் ஈப்போவில், பெரோடுவா நிலையத்தில் செய்தேன். அடுத்ததைப் பாதி விலையில் செய்து தருவதாக, தோட்டத்து முனையில் பட்டறை வைத்திருக்கும் மாமா சொல்கிறார். வாரண்டி போய்விடுமா? மறுத்தால் மாமா கோபித்துக்கொள்வார்.
- ஓர் ஆசிரியை, சுங்கை சிப்புட்

பதில்: மாமாவின் கோபம் இருக்கட்டும் டீச்சர், முதலில் கையேட்டைப் பிரியுங்கள். இத்தனை கிலோமீட்டர் அல்லது 6 மாதம், எது முந்துகிறதோ அது என்று போட்டிருந்தால், உங்கள் சர்வீஸ் தவணை ஏற்கெனவே தாண்டிவிட்டது. மீட்டர் 4,800தானே காட்டுகிறது என்று இருந்துவிடாதீர்கள். எஞ்சின் நன்றாகச் சூடேறுமுன் பள்ளி வந்துவிடுகிறது. உள்ளே சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகாமல் எண்ணெயிலேயே தங்கிவிடுகின்றன. எண்ணெய் கெடுவது அப்படித்தான்.

வாரண்டி 5 ஆண்டு அல்லது 150,000 கிலோமீட்டர். அதுவரை தவணை சர்வீஸை அங்கீகாரம் பெற்ற நிலையத்தில்தான் செய்ய வேண்டும். மாமாவின் கைத்திறனைக் குறை சொல்லவில்லை. நானும் தோட்டத்து லோரிகளுக்கு அடியில் படுத்தே தலை நரைத்தவன். என் மருமகன் ஒரே ஒரு தவணையை வெளியே செய்தார், பில்கூட வாங்கவில்லை. கியர்பெட்டி மக்கர் செய்தபோது சர்வீஸ் பதிவில் அந்த ஓட்டையைக் காட்டிக் கைவிரித்துவிட்டார்கள். 5 வெள்ளி கட்டினால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் வேண்டியதில்லை. ஆனால் காட்டுவதற்கு ஒரு துண்டுச் சீட்டாவது இருக்க வேண்டுமே! மனிதர் கைக்காசைப் போட்டுப் பழுது பார்த்தார்.

ஈப்போவுக்கே ஓட வேண்டும் என்றில்லை. பெரோடுவா அங்கீகரித்த எந்த நிலையமும் போதும். கோலகங்சார் பக்கமும் விசாரியுங்கள். இந்த வாரமே போங்கள்.

மாமாவுக்கும் வேலை இருக்கிறது. டயர், வைப்பர் போன்ற தேயும் சாமான்களை அவரே மாற்றட்டும். செம்பனைக் காட்டுச் செம்மண் தூசு காற்று வடிகட்டியைத் தவணைக்கு முன்பே அடைத்துவிடும். மாதம் ஒருமுறை கழற்றிப் பார்த்துத் தட்டித் தரச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. மின்கம்பியில் மட்டும் கைவைக்க விடாதீர்கள். பின்பக்கக் கேமரா பொருத்தக் கம்பியை வெட்டி ஒட்டுநாடா சுற்றினால், பிறகு எந்த விளக்கு எரியாவிட்டாலும் பழி அந்த ஒட்டுக்குத்தான் வரும்.

ஐந்தாண்டு முடிந்த மறுநாள் கார் உங்கள் பட்டறையில் நிற்கும் மாமா என்று இப்போதே சொல்லி வையுங்கள். பட்டறைக்காரர்களுக்கு அந்தச் சொல் பிடிக்கும்.