கப்பலில் எக்ஸ்பி ஓடினால் என்ன?

கேள்வி: என் வீட்டுக் கணினியிலேயே விண்டோஸ் எக்ஸ்பியைத் தூக்கிப் பத்து வருஷம் ஆகிறது. பிரிட்டன் 300 கோடி பவுண்டு கொட்டிக் கட்டிய ‘குயின் எலிசபெத்’ விமானந்தாங்கிக் கப்பலில் எக்ஸ்பி ஓடியதாமே! இவர்களைக் கவிழ்க்க ஒரு பள்ளிக்கூடப் பையன் போதாதா?

பதில்: போதாது. பையன் முதலில் கப்பலில் ஏற வேண்டுமே!

நீங்கள் சொல்வது 2017-ல் வந்த செய்தி. சுற்றிப் பார்க்கப் போன நிருபர்கள் ஒரு திரையில் எக்ஸ்பியைக் கண்டுவிட்டார்கள், ஊரே சிரித்தது. ஆனால் பழசுதான் ஆபத்து, புதுசு பத்திரம் என்று யார் சொன்னது? 1997 செப்டம்பரில் அமெரிக்காவின் ‘யார்க்டவுன்’ போர்க்கப்பல் வர்ஜீனியா கரைக்கு அப்பால் ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம் அசையாமல் கிடந்தது. அதில் இருந்தது விண்டோஸ் என்.டி. 4.0. அப்போது அது சந்தைக்கு வந்து ஒரு வருஷம்தான். பணியாளர் ஒருவர் திரையில் எண் நிரப்பும் கட்டம் ஒன்றில் 0 என்று அடித்தார். நிரல் அந்த 0-ஆல் வகுக்கப் போய் வலையமைப்பையே படுக்க வைத்தது. என்ஜின் கட்டுப்பாடும் கூடவே போயிற்று. உள்ளே வரும் எண்ணைச் சரிபார்க்காமல் நிரல் எழுதினால் எந்த ஓ.எஸ். (இயங்குதளம்) வந்தும் காப்பாற்றாது.

2009 ஜனவரியில் பிரெஞ்சுக் கடற்படைக்குள் ‘கான்ஃபிக்கர்’ புழு (கணினிக்குக் கணினி தானே பரவும் தீய நிரல்) புகுந்தது. பறப்புத் திட்டத்தை இறக்கிக்கொள்ள முடியாமல் ரஃபேல் விமானங்கள் தரையில் நின்றதாக அந்த நாட்டுப் பத்திரிகைகளே எழுதின. எக்ஸ்பிக்கு அப்போது மைக்ரோசாஃப்ட்டின் ஆதரவு இருந்தது. ஓட்டையை அடைக்கும் பேட்ச்சும் 2008 அக்டோபரிலேயே வந்துவிட்டது. மூன்று மாதமாகப் போடாமல் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

மறுபக்கம், அமெரிக்க அணு ஆயுதப் படைகளுக்குக் கட்டளை அனுப்பும் அமைப்பு 1970-களின் ஐ.பி.எம். கணினியில், 8 அங்குல ஃபிளாப்பியோடு 2019 வரை ஓடியது. அதற்குள் இணையம் வழியாக நுழைய வழியே கிடையாது. உதிரி பாகத்துக்கு அலைந்ததுதான் அவர்களுக்குத் தலைவலி.

அதற்காக எக்ஸ்பிக்கு வக்காலத்து வாங்கவில்லை. 2014 ஏப்ரல் 8-ஓடு அதற்கு இலவசப் பேட்ச் நின்றது. அமெரிக்கக் கடற்படை சுமார் 1 லட்சம் கணினிகளை மாற்றி முடியாமல், 2015-ல் 91 லட்சம் டாலர் கொடுத்துத் தனியாகப் பேட்ச் வாங்கியது. காசு கொடுத்து வாங்கும் அவகாசம் அது.

மாற்ற ஏன் இத்தனை பாடு? கப்பலின் கன்சோலுக்கு (திரையும் பொத்தான்களும் உள்ள கட்டுப்பாட்டு மேசை) உள்ளே சென்சாரோடு பேசும் கார்டு ஒன்று இருக்கும். அதன் டிரைவர், அதாவது கார்டை விண்டோஸோடு பேச வைக்கும் நிரல், எக்ஸ்பிக்காக எழுதப்பட்டது. 64 பிட் விண்டோஸில் ஏறாது. திருத்தி எழுத மூல நிரல் வேண்டும். எழுதிய நிறுவனம் கைமாறியிருக்கும், அல்லது மூடியிருக்கும். எழுதிவிட்டாலும் துறைமுகத்தில் சோதனை, பிறகு கடலில் சோதனை. கப்பல் கட்டப் பத்து வருஷம் ஆகிற இடத்தில் வடிவமைப்பை உறைய வைத்த நாளின் ஓ.எஸ்.தான் வெள்ளோட்டத்திலும் இருக்கும். போர் விமானத்தின் உயிர்நாடிக் கணினிகளில் பொதுவாக விண்டோஸே கிடையாது: எஃப்-35-ல் ‘இன்டெக்ரிட்டி-178பி’ என்ற நிகழ்நேர ஓ.எஸ். ஓடுகிறது. அங்கே ஒரு வரி மாற்றினாலும் அது தொடும் இடமெல்லாம் மறுபடி நிரூபிக்க வேண்டும்.

மாற்ற முடியாத பெட்டியை வைத்துக் குடித்தனம் நடத்த முறை இருக்கிறது. விண்டோஸ் கணினிகள் வலையமைப்பில் கோப்புகளைப் பகிரும் வாசலான 445-ஆம் போர்ட்டை மூடு. கான்ஃபிக்கரும் 2017-ல் வந்த ‘வான்னாகிரை’ புழுவும் நுழைந்த வாசல் அதுதான். செருகிய டிஸ்க்கில் உள்ள நிரலைத் தானாக ஓட்டும் ஆட்டோரன்னை அணை. அனுமதிப் பட்டியலில் இல்லாத எந்த நிரலும் ஓடக் கூடாது. எக்ஸ்பியிலேயே அதற்கு வசதி உண்டு. யு.எஸ்.பி. துளைகளை சாஃப்ட்வேரில் அடைத்தால் மட்டும் போதாது, கண்ணுக்குத் தெரியும்படி அடைக்க வேண்டும். 2008-ல் ஒரே ஒரு பென் டிரைவ் மூலம் பரவிய புழுவால்தான் பென்டகன் பென் டிரைவையே தடை செய்தது.

உதிரி பாகம் அடுத்த சங்கடம். பழைய ஐ.டி.இ. (அந்தக் கால இணைப்பு முறை) ஹார்ட் டிஸ்க் போனால் கேமராக்களில் போடும் காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டு போடலாம், அது ஐ.டி.இ. மொழியே பேசும், பின் மாற்றும் அடாப்டர் போதும். ஆனால் பேஜ் ஃபைலை (நினைவகத்துக்குத் துணையாக விண்டோஸ் டிஸ்க்கில் எழுதும் கோப்பு) அணைக்க மறந்தால் ஓயாமல் எழுதி எழுதியே கார்டு தேய்ந்துபோகும். மதர்போர்டில் இருக்கும் காசு பேட்டரி தீர்ந்தால் பயாஸ் (கணினியைத் தொடங்கி வைக்கும் அடிப்படை நிரல்) அமைப்பு அழியும், எந்த டிஸ்க்கிலிருந்து தொடங்குவது என்ற பூட் வரிசை மாறும், நல்ல டிஸ்க்கையே கணினி காணவில்லை என்று சொல்லும். குளோன் (அப்படியே நகல்) எடுத்த ஸ்பேர் டிஸ்க் இரண்டு இருக்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது அதை மாட்டி பூட் செய்து பார்க்க வேண்டும். சீல் பிரிக்காத ஸ்பேரை நம்பியவர்கள் ஏமாந்திருக்கிறார்கள்.

நீங்கள் சொன்ன பள்ளிக்கூடப் பையன் உள்ளே வருவதென்றால் பழுது பார்க்க வருபவரின் லேப்டாப் வழியாக வருவான். காலையில் அதில் மின்னஞ்சல் பார்த்திருப்பார். மதியம் அதையே கன்சோலில் செருகுவார். அந்த வேலைக்கென்று தனி லேப்டாப் ஒன்று, கப்பலை விட்டு இறங்காமல் இருக்க வேண்டும்.