வகையிடலும் தொகையிடலும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நுண்கணிதத்தில் வகையிடலும் (differentiation) தொகையிடலும் (integration) ஒன்றுக்கொன்று தலைகீழ் என்று பள்ளியில் சொல்லித்தந்ததோடு சரி. அப்படியானால் இரண்டும் ஒரே அளவு கடினமாகத்தானே இருக்க வேண்டும்? வகையிடல் எனக்குக் கைவந்தது. தொகையிடலில் கடைசிவரை தடுமாறினேன். விடையின் முடிவில் ஒரு மாறிலியைச் சேர்ப்பது ஏன் என்பதும் புரிந்ததில்லை.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தலைகீழ் என்பது தவறில்லை. ஆனால் இரண்டும் கேட்கும் கேள்விகள் வேறு என்பதை முதலில் சொல்லியிருக்க வேண்டும். பாறை விளிம்பிலிருந்து நழுவிய கல், காற்றின் தடையை விட்டுவிட்டால், விநாடிகளின் வர்க்கத்தை 5-ஆல் பெருக்கினால் வரும் அளவு மீட்டர் விழுகிறது என்று கொள்வோம். 3 விநாடியில் 45 மீட்டர். சரியாக அந்தக் கணத்தில் அதன் வேகம் என்ன என்பதே வகையிடலின் கேள்வி. அடுத்த 0.1 விநாடியில் கல் 3.05 மீட்டர் இறங்குகிறது, அதாவது விநாடிக்கு 30.5 மீட்டர், 0.01 விநாடியை மட்டும் எடுத்துக்கொண்டால் 30.05. இடைவெளி குறையக் குறைய வேகம் 30-ஐ நெருங்குகிறது. இதற்குக் கல் எங்கிருந்து புறப்பட்டது என்று பார்க்க வேண்டியதில்லை. அந்தக் கணத்தின் அக்கம்பக்கம் போதும்.

தொகையிடலுக்கு அது போதாது. வேகம் விநாடிக்கு 10 வீதம் சீராகக் கூடி 30-ஐ எட்டியது என்பது மட்டுமே தெரிந்திருந்தால், ஒவ்வொரு நுண்கணத்திலும் விழுந்த தொலைவை முதலிலிருந்து விடாமல் கூட்டியாக வேண்டும். வரைபடத்தில் அது அடிப்பக்கம் 3, உயரம் 30 கொண்ட முக்கோணத்தின் பரப்பு, விடை 45. நுண்கணிதத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான லைப்னிட்ஸ் 1675 அக்டோபர் 29 அன்று எழுதிய குறிப்பில் நீட்டிய எஸ் எழுத்தைத் தொகையின் குறியாக வைத்ததும், கூட்டுத்தொகையைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் முதலெழுத்து அது என்பதால்தான்.

இனி மாறிலி. அளவுநாடாவை விளிம்பிலிருந்து பிடிக்காமல் 12 மீட்டர் மேலேயுள்ள உச்சியிலிருந்து பிடித்திருந்தால், எல்லாத் தொலைவுகளோடும் 12 கூடும்; வேகமோ மாறாது. வகையிடும்போது தடயமின்றி மறைந்துவிடும் அந்த 12-ஐ வேகத்திலிருந்து மீட்க வழியில்லை என்பதால், அதற்கென்று விட்டுவைக்கும் இடம்தான் மாறிலி. (அதை எழுதாததற்கு மதிப்பெண் குறைத்த ஆசிரியரை நானும் நெடுநாள் மனதுக்குள் திட்டியிருக்கிறேன்.)

கடினத்துக்குக் காரணம் வேறு. பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் சார்புக்குள் அமைந்த சார்புக்கும் வகையிடலில் விதி உண்டு. பொறுமை இருந்தால் எந்தக் கோவையும் மசியும். தொகையிடலில் அப்படி எல்லாவற்றுக்கும் செல்லும் விதி இல்லை. பெருக்கல் விதியைத் திருப்பிப்போட்டுப் பெறும் பகுதித் தொகையிடல்கூட ஒரு சிக்கலை இன்னொரு சிக்கலாக மாற்றித்தருகிறது, அவ்வளவே. புதியது பழையதைவிட எளிதாக அமைவது நம் சாமர்த்தியத்தைப் பொறுத்தது. புள்ளியியலில் எங்கும் வரும் மணி வடிவ வளைகோட்டின் கீழ், நாம் விரும்பும் எல்லைவரையான பரப்புக்கே, பள்ளியில் படிக்கும் சார்புகளைக் கொண்டு ஒரு சூத்திரம் எழுத முடியாது. புள்ளியியல் நூல்களின் கடைசிப் பக்கங்களில் அந்தப் பரப்புகளை அட்டவணையாக அச்சிட்டிருப்பது அதனால்தான்.