பழைய மாருதி 800-க்கு மாற்றுச் சாவி எப்படித் தேர்ந்தெடுப்பது?

உங்கள் 1996 மாருதி 800-க்குப் போட்ட டூப்ளிகேட் சாவி கதவைத் திறக்கிறது, இக்னிஷனில் மட்டும் சிக்குகிறது என்கிறீர்கள். தேய்ந்த சாவியிலிருந்து நகலெடுத்தால் தேய்மானமும் சேர்ந்தே நகலாகிவிடும். பழைய சாவியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: பல் முனைகள் கூழாங்கல் போல வழவழவென்று இருக்கும். அரை மில்லிமீட்டர் குறைந்தாலே பூட்டுக்குள் இருக்கும் தகடுகள் மட்டத்துக்கு வராது.

வண்டியோடு சாவி எண் பொறித்த சின்னத் தகடு வந்திருந்தால் அந்த எண்ணை வைத்தே வெட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் பீரோவில் கிடக்கும் ஸ்பேர் சாவி. அதுவும் இல்லாவிட்டால், அதிகம் திறக்காத கதவின் பூட்டைக் கழற்றி அதற்கேற்பச் செய்யலாம்.

பித்தளை பிளாங்க்தான் (பல் வெட்டாத வெற்றுச் சாவி) கேளுங்கள். மட்டமான சாவி இக்னிஷனுக்குள்ளேயே முறிந்தால் எடுப்பது பெரும்பாடு. இந்த வண்டிச் சாவியில் சிப் கிடையாது; புரோகிராமிங் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.