இரண்டு சாம்பலில் எது?

கேள்வி: ஏற்காட்டில் எங்கள் பழைய வீட்டில், அப்பா தங்கப்போகிற அறைக்குச் சாம்பல் கலர் அடிக்கலாம் என்று ஷேடு கார்டில் இரண்டைப் பிடித்து வைத்திருக்கிறேன். ஒன்றில் லேசாக நீலம் ஓடுகிறது, இன்னொன்றில் ஏதோ மண் கலர். பெயிண்டரோ "ரெண்டும் ஒண்ணுதாங்க அக்கா" என்கிறார். ஜன்னல் வடக்குப் பக்கம், தரை ரெட் ஆக்சைடு. எதை அடிக்கட்டும்? - ஒரு வாசகி, ஏற்காடு

பதில்: இரண்டும் ஒன்றல்ல சகோதரி, உங்கள் கண்ணுக்குப் பட்டதுதான் சரி. மண் சாயல் உள்ளதை அடியுங்கள்.

கடல் மட்டத்துக்கு 1,500 மீட்டர் மேலே இருக்கிறீர்கள், மூடுபனி இறங்கிவிட்டால் பகலிலேயே வெளிச்சம் வெளுத்துப்போகும். அதோடு வடக்கு ஜன்னல். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் பாதிவரை நண்பகலில் சூரியன் நமக்குச் சற்று வடக்கே நிற்கும், மற்ற மாதங்களில் உள்ளே வருவது பெரும்பாலும் வானத்து வெளிச்சம்தான், அதில் நீலம் தூக்கலாக இருக்கும். அதன் மேல் நீலச் சாம்பலையும் அடித்தால் அறை ஸ்வெட்டர் கேட்கும். வயதானவர் நாள் முழுக்க உட்காரும் இடம் அது. இதே கேள்வி மலைக்குக் கீழே சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து, மேற்கு வெயில் விழுகிற அறைக்கு வந்திருந்தால் யோசிக்காமல் நீலத்தைச் சொல்லியிருப்பேன்.

ஆனாலும் என் பேச்சை மட்டும் நம்பி முழு டப்பா வாங்க வேண்டாம். இரண்டிலும் சின்ன சாம்பிள் டப்பா வாங்கி, இரண்டு வெள்ளை சார்ட் தாளில் சுற்றிலும் வெள்ளை ஓரம் விட்டு இரண்டு கோட் அடித்து நன்றாகக் காயவிடுங்கள், ஈரத்தில் பார்க்கிற கலர் வேறு, காய்ந்த கலர் வேறு. பழைய சுவரிலேயே பூசிப் பார்த்தால் பக்கத்துக் கலர் கண்ணை ஏமாற்றிவிடும். ஜன்னல் இருக்கும் சுவரில் எப்போதுமே ஒரு படி இருட்டாகத் தெரியும், அதனால் தாளை நான்கு சுவரிலும் மாற்றி மாற்றி ஒட்டுங்கள். ஒரு தடவை தரையை ஒட்டியும் வையுங்கள், ரெட் ஆக்சைடின் சிவப்பு அங்கே ஏறும், மண் சாயல் அதோடு ஒத்துப்போகும்.

அப்புறம் ராத்திரி. நம் வீடுகளில் மாட்டுகிற பளீர் வெள்ளை லைட் பெரும்பாலும் 6,500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண், அது கூடக்கூட நீலம் தூக்கும்), அதில் எந்தச் சாம்பலும் நீலமாகத்தான் தெரியும். 3,000 அல்லது 4,000 கெல்வின் என்று போட்ட பல்பை முதலில் மாட்டிவிட்டுக் கலரைப் பாருங்கள்.

சுவரில் ஓதம் இருந்தால் அதைச் சரிசெய்யாமல் பிரைமரே தொடாதீர்கள். தாள்கள் ஒட்டியிருக்கிற இரண்டு நாளும் அப்பாவை அந்த அறையிலேயே உட்காரச் சொல்லுங்கள். அவர் நீலம்தான் வேண்டும் என்றால் நீலமே அடியுங்கள்.