குளியலறைப் பக்கம் பாம்புச் சட்டை: உப்பு போட்டால் போதுமா?

போதாது. உப்பு, கந்தகத்தூள், பூண்டு எதுவும் பாம்பைத் தடுக்காது. வாராவாரம் உப்பு கொட்டியும் இரண்டாவது சட்டை கிடக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே.

உங்கள் வீட்டுப் பின்வேலியை ஒட்டிச் செம்பனை (எண்ணெய்ப்பனை) என்கிறீர்கள். அப்படியென்றால் பாம்பு பெரும்பாலும் எலியைத் தேடித்தான் வருகிறது. உதிரிப் பழம் தின்று கொழுத்த எலி, மழை பிடித்ததும் கோழிக்கூண்டுக்கும் அரிசி வாளிக்கும் வரும். பின்னாலேயே பாம்பும் வரும்.

இன்று இரவு சமையலறைக் கதவோரமும் லோங்காங் (சாக்கடை) ஓரமும் கொஞ்சம் கோதுமை மாவைத் தூவி வையுங்கள். காலையில் குட்டிக் குட்டிக் கால்தடமும் நடுவில் வால் இழுத்த கோடும் இருந்தால் எலிதான். அது நுழையும் ஓட்டையை அடைத்துவிடுங்கள். சுண்டுவிரல் நுழைகிற சந்து சுண்டெலிக்குத் தாராளம். தண்ணீர் போகும் குழாய் வாய்க்குக் கம்பிவலை. கோழித் தீவனத்தை மூடி போட்ட வாளியில் வையுங்கள். அடுக்கி வைத்த பழைய பலகையைக் கிளறும்போது கை விடாதீர்கள், குச்சியால் தள்ளுங்கள்.

சட்டை 5 அடி என்று மிரளவும் வேண்டாம். கழற்றும்போது அது நீண்டுவிடும், பாம்பு அதைவிடக் குட்டை.

ஒன்று மட்டும்: பாம்பையே நேரில் பார்த்தால் பாராங் கத்தியை எடுக்காதீர்கள். நம் மலேசியப் பக்கத்துக் கருநாகம் விஷத்தைக் கண்ணில் பீய்ச்சும். பட்டுவிட்டால் தேய்க்காமல் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருந்து, அப்புறம் நேரே மருத்துவமனை. பிடிக்க ஆள் வேண்டுமென்றால் அவசர எண் 999.